ஒரு மீட்டர் இக்கத் பட்டு: ஆசுப் பலகையிலிருந்து தறி வரை

நெய்தது ஒரு மீட்டர் நீளம், 24 அங்குல அகலம். ஊடை நூலை, அதாவது துணியில் குறுக்கே ஓடும் நூலை, மட்டும் கட்டிச் சாயம் போட்ட இக்கத் பட்டு. நீளவாக்கில் ஓடும் பாவு முழுக்க ஒரே மெரூன். புடவை நெய்ய வேண்டும் என்பதுதான் ஆசை. ஆனால் முதலில் சின்னதாகச் செய்து பார் என்று, எனக்குச் சொல்லிக்கொடுத்த போச்சம்பள்ளி அக்காதான் சொன்னார். புடவைக்குச் செய்கிற எல்லா வேலையும் இதிலும் உண்டு, அளவுதான் குறைவு. நூலை வேகவைத்ததிலிருந்து துணியைத் தறியிலிருந்து வெட்டி எடுத்தது வரை செய்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊர் பூதான் போச்சம்பள்ளி. தெலங்கானாவில் யாதாத்ரி புவனகிரி மாவட்டம், ஹைதராபாத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள். 1951 ஏப்ரல் 18 அன்று வினோபா பாவே இங்கே வந்தபோது வெதிரே ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் நிலம் கொடுத்தார். பூதான இயக்கம் அங்கே தொடங்கியதால் ஊர்ப் பெயரில் பூதான் சேர்ந்தது. நான் ஹைதராபாத்தில் வேலை பார்ப்பதால் விடுமுறைகளில் போய் வர முடிந்தது. அக்காவும் அவர் கணவரும் பரம்பரை நெசவாளர்கள். என் தெலுங்கு சுமார்தான், ஆனால் தறிக்கு முன்னால் அது பெரிய தடையாக இல்லை. கையைப் பார்த்தால் போதும்.

இக்கத் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மதுரைச் சுங்குடியில் நெய்த துணியை முடிந்து சாயத்தில் முக்குகிறார்கள். இக்கத்தில் நெய்வதற்கு முன்பே நூலை ஆங்காங்கே இறுக்கிக் கட்டி முக்குகிறார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அந்த நூலை நெய்யும்போது நிறங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்து உருவம் ஆகின்றன. பாவை மட்டும் கட்டலாம், ஊடையை மட்டும் கட்டலாம், இரண்டையும் கட்டலாம். இரண்டையும் கட்டுவது குஜராத்தின் பாட்டன் நகரத்துப் படோலாவில் உண்டு; போச்சம்பள்ளிக்கு அருகிலுள்ள புட்டபாகாவிலும் உண்டு. புட்டபாகாவின் கஜம் கோவர்தனுக்கு 2011-ல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்த வேலைக்காகத்தான். இந்தப் பக்கத்து இக்கத்துக்கு மூலம் ஆந்திரக் கடற்கரையில் உள்ள சீராலா. அங்கே நெய்த தேலியா ருமால் என்ற பருத்தித் துண்டுகள், நூலை எண்ணெயிலும் சாம்பல் நீரிலும் ஊறவைத்துச் சிவப்பும் கறுப்புமாகச் சாயம் போட்டவை, அரபு நாடுகள் வரை போயின. போச்சம்பள்ளியும் பருத்தியில்தான் தொடங்கியது. பட்டு பிறகு வந்தது.

முதல் நாளே அக்கா ஒன்று சொன்னார். "சாயம் யார் வேண்டுமானாலும் போடலாம் செல்லி (தங்கச்சி). நூல் வரிசை தப்பக் கூடாது." வேலை முழுவதும் முடிந்த பிறகு யோசித்தால், இந்தக் கைத்தொழிலின் பாதிக்கு மேற்பட்ட சாமர்த்தியம் அந்த வரிசையைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது. ஆணி, கயிறு, கட்டு, ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சி எல்லாமே அதற்காகத்தான்.

நூல்

மல்பெரிப் பட்டு, ஊடைக்கு 20 கிராம் போதுமாக இருந்தது. கச்சாப் பட்டைத் தொட்டால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். செரிசின் என்ற பசை அதன் மேல் இருக்கிறது. நூலின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு இந்தப் பசைதான். அது போனால்தான் மினுமினுப்பு வரும், சாயமும் சீராக ஏறும். காரம் குறைந்த சோப்பை நூல் எடையில் கால் பங்கு எடுத்துக் கரைத்து, 90 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தோம். தளதளவென்று கொதிக்க விடக் கூடாது. கொதித்தால் நூல்கள் ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும், அப்புறம் பிரிப்பது நரகம். அடுப்பைச் சிம்மில் வைத்து, சிட்டத்தை (வளையமாகச் சுற்றிய நூலை) ஒரு மூங்கில் குச்சியில் தொங்கவிட்டு, அவ்வப்போது குச்சியைத் தூக்கி நூலைத் திருப்பிப் போட்டால் போதும்.

வெந்நீரில் அலசி நிழலில் காயவைத்தபின் கையில் எடுத்தால் வேறு நூல் போல இருந்தது. எடை குறைந்தது நன்றாகத் தெரிந்தது. கசக்கினால் ஒரு மெல்லிய கரகரப்புச் சத்தம் வரும், நல்ல பட்டுப் புடவையை மடிக்கும்போது கேட்கிற அதே சத்தம்.

ஆசு

கட்டுவதற்கு முன் ஊடை நூலை ஆணிகளில் வரிசையாகச் சுற்றி வைப்பதுதான் ஆசு. ஆசுப் பலகை பார்ப்பதற்கு விரித்த விசிறி. ஒரு முனையில் ஒற்றை ஆணி, எதிர்ப்பக்கம் அரைவட்டமாக வரிசையாக ஆணிகள். ஊடை நூலை ஒற்றை ஆணியிலிருந்து அரைவட்டத்து ஆணி ஒன்றுக்குக் கொண்டுபோய்ச் சுற்றித் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒற்றை ஆணிக்கும் அரைவட்டத்துக்கும் உள்ள தூரம்தான் துணியின் அகலம். ஒரு முறை போவது நாடாவின் (தறியில் ஊடையைக் குறுக்கே கொண்டுபோகும் கருவி) ஒரு ஓட்டம், திரும்பி வருவது அடுத்த ஓட்டம். ஆக, தறியில் நூல் எப்படிப் போய் வருமோ அதே வரிசையில் அது பலகை மேலேயே படுத்திருக்கிறது. உருவத்தை அந்த நூல்கள் மேல் வரைந்தால், அது அப்படியே துணியில் வரும்.

என் கணக்கு இது. தறியின் அச்சில் (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு) பாவின் அகலம் 25 அங்குலம். நெய்யும்போது ஊடை நூல் பாவுக்கு மேலும் கீழும் வளைந்து போவதால் நேர்க்கோட்டு அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். அதனால் ஆசின் தூரத்தை 25¼ அங்குலமாக வைத்தோம். அங்குலத்துக்கு 60 ஊடை. உருவம், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சாய்சதுரம்: நடுவில் வெள்ளை, சுற்றி மஞ்சள், அதைச் சுற்றிச் சிவப்பு, வெளியே மெரூன். அகலவாக்கில் நான்கு, நீளவாக்கில் பத்து.

பலகையில் 30 ஆணிகளைப் பயன்படுத்தினோம். ஆணிக்கு நான்கு ஊடை. முதல் ஆணியிலிருந்து முப்பதாவது ஆணி வரை போனால் 120 ஊடை, அதாவது 2 அங்குலத் துணி, அரைச் சாய்சதுரம். அங்கிருந்து அப்படியே முதல் ஆணிக்குத் திரும்பி வந்தால் மறு அரை. இப்படிப் பத்து முறை போய் வந்தால் பத்துச் சாய்சதுரமும் அந்த 30 ஆணிகளில் அடங்கிவிடுகிறது. ஒவ்வோர் ஆணியிலும் 80 இழை சேர்ந்த ஒரு கொத்து. கொத்தை ஒரு முறை கட்டினால் பத்துச் சாய்சதுரத்தின் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. உருவம் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒன்றுபோல இருப்பதால்தான் இது முடிகிறது. யானை, அன்னம் என்று போனால் இந்தச் சலுகை கிடையாது; அங்கே ஒவ்வோர் ஓட்டமும் ஒரே திசையில் தொடங்கியாக வேண்டும்.

ஆணிக்கு நான்கு ஊடை என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. ஒரே கொத்தில் அடுத்தடுத்து இருக்கும் நான்கு ஊடைக்கும் நிறம் மாறும் இடம் ஒன்றே. அதனால் சாய்கோடு துணியில் படிப்படியாகத் தெரியும். ஆணிக்கு எட்டு வைத்தால் வேலை பாதியாகும், படிகள் முரட்டுத்தனமாகத் தெரியும். இரண்டு வைத்தால் கோடு வழவழப்பாகும், கட்டு வேலை இரட்டிப்பாகும். விலை உயர்ந்த இக்கத் புடவையில் உருவத்தின் ஓரம் ஏன் அவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது.

என்னுடைய சின்னத் துணிக்கு ஆசு சுற்றியே தோள்பட்டை கனத்துவிட்டது. ஒரு முழுப் புடவைக்குக் கை ஏறத்தாழ 9000 முறை போய் வர வேண்டும். காலங்காலமாக வீட்டுப் பெண்கள்தான் இந்த வேலையைச் செய்துவந்தார்கள். ஆலேர் பக்கத்துச் சாரஜிபேட்டையைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம், தன் அம்மா லக்ஷ்மி தோள்வலியால் பட்ட பாட்டைப் பார்த்துப் பல வருடம் போராடி 1999-ல் ஆசு சுற்றும் இயந்திரத்தை உருவாக்கினார். அம்மா பெயரையே அதற்கு வைத்தார். 2017-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் செய்த இந்த இயந்திரம் எத்தனை பெண்களின் தோளைக் காப்பாற்றியிருக்கிறது என்று, கையால் ஒரு மீட்டருக்குச் சுற்றிப் பார்த்த பிறகு நன்றாகவே புரிந்தது. அக்கா வீட்டிலும் புடவைகளுக்கு இயந்திரம்தான். எனக்காகப் பழைய பலகையைப் பரணிலிருந்து இறக்கினார்கள்.

சுற்றி முடித்ததும் ஆணியிலிருந்து எடுக்கும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. ஒரு பருத்திக் கயிற்றை எடுத்து, முதல் கொத்துக்கு மேலாக, இரண்டாவதற்குக் கீழாக, மூன்றாவதற்கு மேலாக என்று பின்னிக்கொண்டே முப்பது வரை போய், திரும்பும்போது மாற்றிப் பின்னி வர வேண்டும். இரு முனையிலும் இப்படிச் செய்தால், நூலை எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் கொத்துகள் இடம் மாறாது. சாயத் தொட்டியில் அவ்வளவு புரட்டலிலும் வரிசையைப் பிடித்து வைப்பது இந்தக் கயிறுதான்.

கட்டு

உருவத்தை முதலில் கட்டத்தாளில் வரைந்துகொண்டேன். தாளில் ஒரு வரி ஒரு ஆணி. பிறகு நூலை ஒரு மரச் சட்டத்தில் இழுத்து மாட்டி, கரித்துண்டால் நூல் மேலேயே குறித்தோம். ஒவ்வொரு கொத்துக்கும் குறி பத்தில் ஒரு பங்கு அங்குலம் விலக வேண்டும். கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத தூரம் அது. முப்பது கொத்து தாண்டும்போது மூன்று அங்குலம் ஆகிவிடுகிறது.

கட்டுவதற்குப் போச்சம்பள்ளியில் சைக்கிள் டியூபை மெல்லிய பட்டைகளாக வெட்டிப் பயன்படுத்துகிறார்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம். இழுத்துச் சுற்றும்போது ரப்பர் தானாக இறுகும், அவிழ்ப்பதும் சுலபம், திரும்பவும் பயன்படும். பாட்டனில் பருத்தி நூலால் கட்டுகிறார்கள். இரண்டுக்கும் இடையே எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பழகாத கைக்கு ரப்பர் நல்லது.

அக்கா கட்டுகிற விதத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் பட்டையின் ஒரு முனையை இடது கட்டைவிரலால் கொத்தோடு சேர்த்து அமுக்குகிறார். முதல் சுற்று, குறிக்கு ஒரு நூலிழை வெளியே. அடுத்த சுற்று முதல் சுற்றின் பாதியை மூடுகிறது. அப்படியே பாதிப் பாதியாக மூடிக்கொண்டு மறு குறி வரை போய், கடைசிச் சுற்றை இரண்டு மடங்கு இழுத்து, முனையை அதன் அடியிலேயே செருகிவிடுகிறார். முடிச்சு கிடையாது. சுற்றும்போது ரப்பரின் அகலம் நாணயம்போல் தட்டையாகக் கொத்தின் மேல் படுகிறது. முறுக்கிக்கொண்டால் அந்த இடத்தில் இடைவெளி விழும், சாயம் அதன் வழியாகப் புகும். ஒரு கட்டுக்கு அவருக்குச் சில நொடிகள்தான். பேசிக்கொண்டே, அடுப்பில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே கட்டுகிறார்.

மிச்ச நூலில் ஒரு சோதனை செய்தோம். 3, 5, 10 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று கட்டுகள் போட்டுச் சிவப்புச் சாயத்தில் வைத்து எடுத்தோம். எவ்வளவு இறுக்கினாலும் கட்டின் இரு ஓரத்திலும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சாயம் உள்ளே நுழைகிறது. 10-ல் அது தெரியவே இல்லை. 5-ல் வெள்ளை நன்றாக நின்றது. 3-ல் மிஞ்சியது ஒரு மங்கலான ரோஜாக் கோடு. ஆகவே உருவத்தின் மிகக் குறுகிய வெள்ளைப் பகுதி 5 மில்லிமீட்டருக்குக் குறையாதபடி வடிவத்தை வைத்தேன், எல்லாக் கட்டுகளையும் குறியைவிட அரை மில்லிமீட்டர் இருபுறமும் கூட்டிக் கட்டினோம். இக்கத்தின் ஓரங்களில் தெரிகிற அந்த இறகு போன்ற கலங்கல் இங்கிருந்துதான் வருகிறது.

வெள்ளைக்கு 44 கட்டுகள். மஞ்சளுக்கு 120. சிவப்புக்கு 184. மூன்றும் சேர்ந்தால் ஒரு மீட்டர் துணிக்கு 348. முழுப் புடவையின் உடலும் முந்தானையும் வேறு வேறு உருவமாக இருந்தால் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயம்

வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும். முதலில் வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களைக் கட்டி மஞ்சளில் முக்குவது. பிறகு மஞ்சளாக நிற்க வேண்டிய இடங்களையும் கட்டிச் சிவப்பில் முக்குவது. பிறகு சிவப்பையும் கட்டி மெரூனில். முன்பு போட்ட கட்டு எதையும் கடைசி வரை அவிழ்ப்பதில்லை.

பட்டுக்கு அமிலச் சாயம். மஞ்சளுக்கு நூல் எடையில் 1 சதவீதம், சிவப்புக்கு 2, மெரூனுக்கு 4. 20 கிராம் நூலுக்கு 800 மில்லி தண்ணீர். சாயத்தோடு கொஞ்சம் அசிட்டிக் அமிலம். வீட்டில் செய்பவர்கள் சமையல் வினிகரே போடலாம். 40 டிகிரியில் நூலை இறக்கி, அரை மணி நேரத்தில் மெதுவாக 85-க்குக் கொண்டுபோய், அங்கே இன்னோர் அரை மணி நேரம். வேகமாகச் சூடேற்றினால் கொத்தின் வெளிப்புற இழைகள் சாயத்தை முதலில் பிடித்துக்கொண்டு உள்ளே இருப்பவை வெளிறிப்போகும்.

தொட்டியில் இறக்கும் முன் கட்டிய நூலை வெறும் தண்ணீரில் நன்றாக ஊறவிட வேண்டும். கட்டுக்குள் முதலில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொண்டால் சாயம் அவ்வளவு சுலபமாக உள்ளே ஓடாது. இன்னொன்று, இரண்டு கட்டுக்கு நடுவே இடைவெளி குறைவாக இருக்கும் இடங்கள். என் வடிவத்தில் சாய்சதுரத்தின் அகலமான பகுதியில் அடுத்த சாய்சதுரத்துக்கு முக்கால் அங்குலத்துக்கும் குறைவான மெரூன்தான். இருபுறமும் ரப்பர் இறுக்கிப் பிடித்திருப்பதால் நடுவில் உள்ள இழைகளும் நெருங்கிக் கிடக்கும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பிசைந்து விட்டோம். இந்தப் பிசைதல் இல்லாமல் நெய்திருந்தால் மெரூனுக்குள் சிவப்புத் திட்டுகள் தெரிந்திருக்கும்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது, மேலே விழுகிற சாயம் கீழே இருப்பதை மறைக்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும். மஞ்சள் மேல் சிவப்பு விழுகிறது, அதன் மேல் மெரூன். சாதாரணச் சிவப்பு மஞ்சள் மேல் விழுந்தால் ஆரஞ்சுப் பக்கம் சாயும். அதனால் கொஞ்சம் நீலம் கலந்த சிவப்பை எடுத்தோம். குங்குமச் சிவப்பாக வந்தது. மெரூனுக்கும் அடியில் அந்த மஞ்சளும் சிவப்பும் இருப்பதால் ஒரு கதகதப்பு கிடைக்கிறது. நேரடியாக வெள்ளை நூலில் போட்ட மெரூனோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

கடைசி அலசலில் தண்ணீர் தெளிந்த பிறகு, நூல் காய்ந்ததும் கட்டுகளை அவிழ்த்தோம். சின்ன வளைந்த கத்தரியின் நுனியால் செருகலைத் தூக்கினால் ரப்பர் தானாகச் சுழன்று விழுகிறது. ஒவ்வொரு கட்டுக்கு அடியிலும் வெள்ளை, மஞ்சள், சிவப்பு எல்லாம் கொஞ்சம் நசுங்கி, ஆனால் பளிச்சென்று இருந்தன. அந்த ஒரு மணி நேரத்தைப் போல வேறெந்த வேலையிலும் நான் சந்தோஷப்பட்டதில்லை. அக்காவின் சின்ன மகள் பள்ளிவிட்டு வந்து, பையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அவிழ்க்கத் தொடங்கிவிட்டாள்.

தார்

நூலைத் திரும்ப அதே ஆணிகளில் மாட்டி, பின்னிய கயிற்றை உருவிவிட்டு, நூல் முனையைப் பிடித்துத் தார் சுற்ற வேண்டும், அதாவது நாடாவுக்குள் போடும் சின்னக் குச்சிகளில் ஊடையைச் சுற்ற வேண்டும். வரிசை தப்புவதற்கு அதிக வாய்ப்பு இருக்கும் இடம் இதுதான்.

தார்க்குச்சியில் கடைசியாகச் சுற்றிய நூல்தான் நாடாவிலிருந்து முதலில் வெளியே வரும். முதல் தாரிலிருந்து நெய்யத் தொடங்கினால், அதன் கடைசி இழைதான் முதலில் வரும். முடியும் இடமோ அதன் முதல் இழை. அடுத்த தார் அதற்குத் தொடர்பே இல்லாத இடத்திலிருந்து தொடங்கும். உருவம் அங்கேயே வெட்டுப்படும். கடைசியாகச் சுற்றிய தாரை முதலில் நாடாவில் போட்டு, பின்னாலிருந்து முன்னுக்கு வந்தால் முழு நூலும் தலைகீழாக, ஆனால் ஓர் இழை தப்பாமல் வரும். ஆகவே சுற்றச் சுற்ற ஒவ்வொரு தாரையும் ஒரு கயிற்றில் கோத்துக்கொண்டே போக வேண்டும். நெய்யும்போது கயிற்றின் கடைசியிலிருந்து உருவ வேண்டும். அண்ணா (அக்காவின் கணவர்) தார்க்குச்சியின் அடியில் பேனாவால் எண்ணும் போட்டுக் கொடுத்தார்.

தறி

அவர்கள் வீட்டில் ஸ்டோல் நெய்கிற குறுகிய குழித்தறி ஒன்று இருக்கிறது. அதில் நெய்து முடித்த பாவில் ஒன்றரை மீட்டர் மிச்சம் இருந்தது. அதே மெரூன் நிறம் என்பதால்தான் என் வடிவத்துக்கும் மெரூன் தரை வைத்தேன். சாதாரண நெசவில் துணியின் முகத்தில் பாவும் ஊடையும் மாறி மாறித் தெரிகின்றன. வெள்ளை என்று கட்டி வைத்த இடம், மெரூன் பாவுக்கு நடுவே வந்ததும் தூய வெள்ளையாக இருப்பதில்லை. இளம் ரோஜா சாயலில் தெரிகிறது. ஊடை நூல் பாவைவிடக் கொஞ்சம் பருமனாக இருந்ததால் வெள்ளை ஓரளவு மேலே நின்றது. பளிச்சென்ற வெள்ளை வேண்டும் என்றால் பாவையும் அதே இடத்தில் கட்டிச் சாயம் போட வேண்டும். இரட்டை இக்கத்தில் நிறங்கள் ஏன் அவ்வளவு கெட்டியாக இருக்கின்றன என்பதற்குக் காரணம் இதுதான்.

நெய்வது வேகமாகப் போகாது. மிதியை அழுத்தி, நாடாவைத் தள்ளி, நிறுத்தி, நிறம் மாறும் இடம் முந்தைய ஊடையோடு சேர்கிறதா என்று பார்த்து, ஓரத்தில் நூலை விரல் நுனியால் கொஞ்சம் இழுத்தோ தளர்த்தோ சரிசெய்து, பிறகுதான் அச்சுப்பலகையை இழுத்து அடிக்க வேண்டும். நான்கு ஊடைக்கு நிறக்கோடு ஒரே இடத்தில் நிற்கும், ஐந்தாவதில் ஒரு படி விலகும். அந்த விலகல் சரியாக வந்தால் வரிசை சரியாக இருக்கிறது என்று பொருள். நான்கு ஊடைக்கு ஒரு பரிசோதனை.

ஆசில் கூட்டி வைத்த கால் அங்குலத்தில் பெரும்பகுதி வளைவில் போய்விட்டது. மிஞ்சியதை ஓரத்தில் சின்ன வளையமாக விட்டுவிட வேண்டும். "ஓரம் அழகாக இருக்கட்டும் என்று இழுக்காதே, உருவம் கோணும்" என்றார் அண்ணா. அவர் சொன்னது கணக்குக்கும் பொருந்துகிறது. ஓர் ஊடையில் ஒரு மில்லிமீட்டர் இழுத்தால் அடுத்தடுத்த ஊடைகள் எல்லாமே அந்த ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தொடங்கும். ஒவ்வோர் ஊடையிலும் இப்படி இழுத்தால் பத்து ஊடையில் ஒரு சென்டிமீட்டர். ஓரத்து வளையம் அந்தக் கணக்கை அங்கேயே முடித்துவிடுகிறது. என் துணியின் இரு ஓரங்களிலும் அந்த வளையங்கள் வரிசையாக இருக்கின்றன, வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

முதல் சாய்சதுரம் முடிந்து, துணி படைமரத்தில் (நெய்த துணியைச் சுற்றும் உருளை) கொஞ்சம் சுருண்டதும் எழுந்து நின்று பார்த்தோம். கிட்டத்தில் படிகளும் கலங்கலும்தான் தெரிந்தன. இரண்டடி தள்ளி நின்றால் நான்கு சாய்சதுரங்களும் கூர்மையாகச் சேர்ந்துகொண்டன. அக்கா ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது சாய்சதுரத்தின் வலது மூலையைத் தொட்டுக் காட்டினார். அங்கே ஒரு படி மட்டும் கால் அங்குலம் விலகியிருந்தது. அந்த ஊடை வரை பிரித்து மறுபடி நெய்தோம்.

கையால் நெய்த இக்கத்தா, அச்சிட்டதா என்று கேட்பவர்களுக்காக, தறியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன். துணியின் முந்தி ஓரத்தில் தொங்கும் ஊடை இழை ஒன்றை உருவிப் பாருங்கள். அந்த ஒற்றை இழையிலேயே நிறங்கள் மாறி மாறி இருந்தால் அது ஊடையைக் கட்டிச் சாயம் போட்ட துணி. அச்சிட்டதில் இழையின் ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் வெளிறியும் இருக்கும். துணியைப் புரட்டினால் இக்கத்தின் இரு முகமும் ஒன்றே. கலங்கல் எந்தத் திசையில் இழுபட்டிருக்கிறது என்றும் பாருங்கள்: அகலவாக்கில் என்றால் ஊடை இக்கத், நீளவாக்கில் என்றால் பாவு இக்கத், இரு பக்கமும் என்றால் இரட்டை. போச்சம்பள்ளி வடிவத்தை அச்சிட்டு அதே பெயரில் விற்பது கடைகளில் சாதாரணமாக நடக்கிறது. 348 கட்டுப் போட்ட பிறகு அதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை. வாங்குகிறவர்கள் ஒரு இழையை உருவிப் பார்த்துக் கேட்டால், கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும்.

தறியிலிருந்து வெட்டியதும் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசினேன், பயந்ததுபோல் மெரூன் வெள்ளைக்குள் ஓடவில்லை. நிழலில் காயவைத்து, துணியின் பின்பக்கம் மிதமான சூட்டில் இஸ்திரி போட்டேன். அகலம் 24 அங்குலத்துக்கு மிகக் கொஞ்சம் குறைவாக நின்றது.

அடுத்து புடவை. தறியும் பாவும் அக்கா வீட்டிலேயே. ஆசு சுற்றுவதையும் கட்டுப் போடுவதையும் நானே செய்ய வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. 46 அங்குலப் புடவை அகலத்துக்கு ஆசுப் பலகை அதைவிட ஓர் அங்குலமாவது நீளமாக வேண்டும், அரைவட்டம் விரிந்தால் என் அடுக்குமாடி வீட்டு அறையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றை ஆணிப் பக்கம் மடங்கும்படி இரண்டு துண்டாகச் செய்ய முடியுமா என்று தச்சரிடம் கேட்டிருக்கிறேன். ஆணிகள் தேக்கில் வேண்டாம், வழவழப்பாகத் தேய்த்த மூங்கிலில் இருக்கட்டும், பட்டு சிக்காது என்று அண்ணா சொல்லி அனுப்பியிருக்கிறார்.